எழுத்துக்குப் பூட்டு எதற்கு?

(வாசகசாலை ஆண்டு விழாவொன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று என்ன பேசுவது என்று யோசிக்க வேண்டிய சிரமத்தை இவ்வூர்த் தோழர்கள் எனக்கு வைக்கவில்லை. ஒரு தகராறைத் தயாராக வைத்துக்கொண்டு, "இதில் உம்முடைய அபிப்பிராயத்தைச் சொல்லும், சரி என்று பட்டால் ஏற்றுக்கொள்ளுகிறோம், இல்லாவிட்டால் தள்ளிவிடுகிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். சுயமரியாதைக்காரர்கள் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆதலால் நானும் மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்லுகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒன்றையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்தியில் உரைத்துப் பாருங்கள்.

தகராறு இதுதான். இவ்வூர் ஆண், பெண் தோழர்கள் எழுதிய இரண்டு நாடகங்களும், பிரசாரப் பாட்டுகளும், சுயமரியாதைத் திருமணங்களில் பேசிய பேச்சுகளும், சில படங்களும் சேர்ந்து ஒரு புத்தகமாக அச்சாகப் போகின்றன. எல்லாம் ஆகிவிட்டது. "உரிமை" என்று போடுகிற இடத்தில் என்ன எழுதுவது என்பதில் மூன்று கட்சி ஏற்பட்டிருக்கிறது. ஒரு கட்சியார் "எல்லா உரிமையும் ஆசிரியர்களுக்கே" என்று போடச் சொல்லுகிறார்கள். இரண்டாவது கட்சியார் ஒன்றுமே போட வேண்டாம், வேண்டியவன் எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார்கள். மூன்றாவது கட்சியார் "கிரியேட்டிவ் காமன்ஸ் என்று ஏதோ பொது உரிமம் இருக்கிறதாமே, அதில் ஒன்றைப் போட்டுவிடலாம்" என்கிறார்கள். மூன்று பேருக்கும் நல்ல எண்ணந்தான். ஆனால் நல்ல எண்ணம் மாத்திரம் இருந்தால் காரியம் நடந்துவிடாது. எந்த எழுத்தை எழுதினால் என்ன பலன் உண்டாகும் என்பதையும் பார்க்க வேண்டும்.

இதென்ன பிரமாதமான சங்கதி, ஒரு வரி எழுதுவதற்கு ஒரு சொற்பொழிவா என்று சிலர் நினைக்கலாம். நம்மைப் போன்றவர்களுக்கு இது பிரமாதமான சங்கதிதான். இந்த நாட்டில் பெரும்பான்மை மக்கள் தற்குறிகளாய்க் கிடந்ததற்குக் காரணம் என்ன? அறிவின் மேல் பூட்டுப் போட்டு, சாவியை ஒரு சாதியார் இடுப்பில் செருகிக்கொண்டதுதானே! வேதத்தைக் காதால் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்று என்றும், வாயால் சொன்னால் நாக்கை அறு என்றும் கௌதம தர்ம சூத்திரத்தில் எழுதிவைத்தார்களே, அது எதற்காக? அந்த எழுத்தில் பெரிய ஞானம் ஒழுகிற்று என்பதற்காகவா? எல்லோரும் படித்துப் பார்த்துவிட்டால் அதன் யோக்கியதை வெளியாகிவிடும் என்பதற்காகத்தான். அந்தப் பூட்டை உடைப்பதற்கென்று புறப்பட்ட நாம், நம் எழுத்துக்கு நாமே பூட்டு வாங்கிவந்து மாட்டுவதாயிருந்தால் யோசித்துத்தான் மாட்ட வேண்டும்.

நம் இயக்கம் எப்படிப் பரவிற்று என்பதையும் பாருங்கள். 1925ல் ஈரோட்டில் "குடி அரசு" தொடங்கியபோது பணக்காரன் பணமோ, சர்க்கார் தயவோ துணைக்கு இல்லை. ஒருவர் வாங்க, பத்துப் பேர் கேட்க, அதைப் பார்த்து இன்னொருவர் எழுத, இன்னொருவர் மெட்டுப் போட்டுப் பாட, இப்படித்தான் பரவிற்று. டாக்டர் அம்பேத்கரை லாகூரிலிருந்த சாதி ஒழிப்பு மண்டலத்தார் 1936ல் தலைமை வகிக்க அழைத்து, அவர் எழுதியனுப்பிய பேச்சைப் பார்த்துப் பயந்து மாநாட்டையே நிறுத்திவிட்டார்கள். அவர் அதைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். 1500 பிரதிகளும் இரண்டு மாதத்தில் தீர்ந்தன. 1937ல் இரண்டாம் பதிப்பு வருவதற்குள் அது தமிழிலும் குஜராத்தியிலும் வந்துவிட்டது. வேறு நான்கு பாஷைகளில் மொழிபெயர்ப்பு நடந்துகொண்டிருந்தது. பகத்சிங் நாத்திகத்தைப்பற்றி எழுதிய கட்டுரை அவரைத் தூக்கிலிட்ட 1931ஆம் வருஷத்திலேயே லாகூர் பத்திரிகையொன்றில் வெளியாயிற்று. சில வருஷங்களுக்குள் தோழர் ஜீவானந்தம் அதைத் தமிழாக்க, நம் இயக்கத்தார் அச்சிட்டார்கள். அதற்காகச் சிறைக்கும் போனார்கள். "மொழிபெயர்க்கக் கூடாது, உரிமை எங்களுக்கே" என்று எவராவது குறுக்கே நின்றிருந்தால் தமிழன் கைக்கு அவை எப்போது வந்திருக்கும்?

காந்தியாரிடம் நமக்கு நூறு மாறுபாடுகள் உண்டு. ஆனாலும் அவர் 1910ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட "ஹிந்த் சுயராஜ்ய"த்தில், உரிமை எதுவும் ஒதுக்கிக்கொள்ளப்படவில்லை என்று அச்சடித்தாரே, அது நல்ல காரியந்தான். அவருக்கு முன்பே ருஷியாவில் டால்ஸ்டாய், 1881க்குப் பின் தாம் எழுதியதை யார் வேண்டுமானாலும் காசு கொடாமல் அச்சிடலாம் என்று 1891ல் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார்.

நிற்க. இப்போது சட்டத்தைப் பார்ப்போம். முதலில், இரண்டாவது கட்சியாருக்குச் சொல்லுகிறேன். ஒன்றுமே எழுதாமல் விட்டால் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சட்டம் அப்படி நினைக்கவில்லை. நீங்கள் ஒரு பாட்டை எழுதி முடித்த நிமிஷமே அதற்குப் பூட்டு விழுந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை, உரிமை என்று ஒரு வார்த்தை போட வேண்டியதுமில்லை. 1957ஆம் வருஷத்திய இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் உயிரோடிருக்கும் காலமும், இறந்த பின் 60 வருஷமும் அந்தப் பூட்டு தொங்கும். இன்று 30 வயதுள்ள தோழர் ஒருவர் எழுதி 80 வயது வரை வாழ்ந்தால், 110 வருஷம் கழித்துத்தான் அந்தப் பாட்டு பொதுச் சொத்தாகும். அதற்குள் பக்கத்து ஊர்க்காரன் அதை அச்சிட ஆசைப்பட்டால் யாரைக் கேட்பது? பேரன் சென்னையில், பேத்தி சிங்கப்பூரில், இன்னொரு வாரிசு இருக்குமிடமே தெரியாது! நாணயமானவன் பயந்துபோய் விட்டுவிடுவான். நாணயமற்றவன் எப்படியும் எடுத்துக்கொள்வான். ஆகவே, ஒன்றும் போடாமல் விடுவது தாராளம் ஆகாது.

இந்தப் பூட்டு ஆதியில் இவ்வளவு பெரியதல்ல. 1710ல் இங்கிலாந்தில் வந்த முதல் சட்டத்தில் புதுப் புத்தகத்துக்கு 14 வருஷம், அதன் பிறகும் எழுதியவன் உயிரோடிருந்தால் இன்னொரு 14 வருஷம், அவ்வளவுதான். எழுத்தாளனுக்குக் கூலி கிடைக்க வேண்டும், பிறகு உலகத்துக்குச் சேர வேண்டும் என்பதுதான் நியாயம். போகப்போக நீட்டிக்கொண்டே போனார்கள். நம் நாட்டிலும் 1992 வரை இறந்த பின் 50 வருஷமாக இருந்தது. தாகூர் 1941ல் இறந்தார். 1991ஆம் வருஷத்தோடு அவர் எழுத்துக்கள் பொதுவாக வேண்டும். அந்தச் சமயம் பார்த்துச் சட்டத்தைத் திருத்தி 60 ஆக்கினார்கள். விஸ்வபாரதியின் உரிமை 2001 முடிய நீண்டது. தாகூர் ஒருவருக்காகத் தைத்த சட்டை நம் எல்லோருக்கும் போடப்பட்டுவிட்டது.

நம் வீட்டுக் கதையைப் பாருங்கள். பாரதியார் 1921ல் இறந்தார். அவர் பாட்டுகளின் உரிமை கைமாறிக் கைமாறிப் போய், அவற்றை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பாடும் உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. ஜனங்கள் கிளர்ச்சி செய்த பிறகு, 1949ல் சென்னை சர்க்கார் உரிமையை எடுத்துக்கொண்டு, 1955ல்தான் பொதுமக்களுக்கு விட்டது. பெரியார் 1973 டிசம்பர் 24ல் மறைந்தார். சட்டத்தின் கணக்குப்படி அவர் பெயரால் வெளியான எழுத்துக்கள் முழுப் பொதுச் சொத்தாவது 2034 ஜனவரி முதல் தேதி. இதற்குள்ளாகவே "குடி அரசு" தொகுதிகளை யார் வெளியிடுவது என்று நம் இயக்கத்தாருக்குள்ளேயே வழக்கு உண்டாயிற்று. வெளியிடுவதைத் தடுக்க முடியாது என்று 2009ல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லி, மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. நான் இதில் எந்தப் பக்கத்துக்கும் வக்காலத்து வாங்கவில்லை. மக்களுக்காகவே எழுதிய ஒருவரின் எழுத்துக்கே கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருந்தது என்றால், எழுதும்போதே தெளிவாக ஒரு வார்த்தை எழுதிவைப்பது எவ்வளவு அவசியம் என்பதை மாத்திரம் யோசியுங்கள். சர்க்கார் வந்து நாட்டுடைமை ஆக்கட்டும் என்று காத்திருக்கலாம் என்றால், அது பெரியவர்களுக்குத்தான் நடக்கும். ஊர்ப் பாட்டுக்காரனைத் தேடிக்கொண்டு எந்த சர்க்காரும் வராது. அவனேதான் செய்துகொள்ள வேண்டும்.

இப்படிச் செய்துகொள்ள ஏற்பட்டதுதான் பொது உரிமம். 1998ல் அமெரிக்க சர்க்கார், சினிமாக் கம்பெனிகளுக்கு இசைந்து, பதிப்புரிமையை இன்னும் 20 வருஷம் நீட்டிற்று. பழைய புத்தகங்களை இலவசமாக எல்லோரும் படிக்கும்படி செய்துவந்த எரிக் எல்ட்ரட் என்பவர் அதை எதிர்த்து வழக்காடினார். அவருக்காக வாதாடியவர் லாரன்ஸ் லெசிக் என்கிற சட்டப் பேராசிரியர். 2003ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தோற்றது. ஆனால் அவர்கள் தோல்விக்குக் காத்திராமல் 2001லேயே கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற ஸ்தாபனத்தை உண்டாக்கி, 2002 டிசம்பரில் முதல் உரிமங்களை வெளியிட்டார்கள். சட்டம் மாறாவிட்டால் போகட்டும், எழுதியவனுக்குத்தானே உரிமை, அவனே மனமுவந்து முன்கூட்டியே அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டால் யார் தடுக்க முடியும் என்பதுதான் அவர்கள் யுக்தி. இன்று வழக்கிலிருப்பது 2013ல் வந்த 4.0 என்கிற பதிப்பு.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. நான்கே நிபந்தனைகள். ஒன்று, என் பெயரைச் சொல். இரண்டு, இதை மாற்றிப் புதிதாக ஒன்று செய்தால் அதையும் இதே உரிமத்தில் பிறருக்குக் கொடு. மூன்று, வியாபாரம் செய்யாதே. நான்கு, மாற்றியதை வெளியிடாதே. முதலாவது நிபந்தனை எல்லாவற்றிலும் உண்டு. இரண்டாவதும் நான்காவதும் ஒன்று சேரா. மாற்றியதை வெளியிடாதே என்ற பிறகு, மாற்றியதை எப்படிக் கொடுப்பது? ஆகவே இவற்றைக் கூட்டிக் குறைத்து ஆறு உரிமங்கள் ஆகின்றன. இவை தவிர, பெயர்கூட வேண்டாம், எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்பதற்கு 2009 முதல் தனிப் பத்திரம் ஒன்று இருக்கிறது.

மூன்றாவது கட்சித் தோழர்கள் "அதில் ஒன்றைப் போட்டுவிடலாம்" என்றார்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. ஏதோ ஒன்றைப் போட்டால் ஏதோ ஒன்றுதான் நடக்கும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது நாம் எதற்குப் பயப்படுகிறோம், எதற்கு ஆசைப்படுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது பயம், "எவனாவது இதை விற்றுப் பணம் சம்பாதித்துவிட்டால்?" என்பது. இதற்காக வியாபாரம் செய்யாதே என்கிற நிபந்தனையைப் போடச் சொல்லுகிறார்கள். சரி, எது வியாபாரம்? பக்கத்து ஊர்த் தோழர் நம் நாடகத்தைப் போட்டு, பந்தல் செலவுக்கு 20 ரூபாய் டிக்கட் வைத்தால் வியாபாரமா? நம் பாட்டை அச்சிட்டுக் காகித விலைக்கு மேல் 2 ரூபாய் வைத்து விற்று வயிறு வளர்க்கிற சின்ன அச்சுக்காரர் குற்றவாளியா? உரிமத்தில், வியாபார லாபமோ பணமோ முக்கிய நோக்கமாக இருக்கக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறது. முக்கிய நோக்கம் எது என்று யார் அளந்து சொல்லுவது? அமெரிக்காவில் ஒரு கல்வி ஸ்தாபனம் இப்படிப்பட்ட உரிமத்தில் பாடப் புத்தகம் வெளியிட்டது. பள்ளிக்கூடத்தார் அதைக் காப்பி எடுக்கும் கடையில் கூலி கொடுத்துக் காப்பி எடுத்தார்கள். கடைக்காரன் லாபம் சம்பாதிக்கிறான் என்று வழக்குப் போட்டார்கள். பள்ளிக்கூடத்துக்காகச் செய்த வேலைக்குக் கூலி வாங்குவது குற்றமல்ல என்று 2018ல் மேல் கோர்ட்டு சொல்லி முடிப்பதற்குள் வருஷங்கள் போய்விட்டன. நம் ஊர்க் கடைக்காரர் அவ்வளவு தூரம் வழக்காடுவாரா? நமக்கேன் வம்பு என்று காப்பி எடுக்கவே மறுத்துவிடுவார். தவிரவும், தமிழ் விக்கிப்பீடியா போன்ற பொதுக் கலைக்களஞ்சியத்தில் வியாபாரத் தடையுள்ள எழுத்தை எடுத்துச் சேர்க்க முடியாது. நம் எழுத்தை எவன் விற்றாலும், வாங்கிப் படிக்கிறவன் நம் ஆள் ஆகிறான் என்பதை மறக்காதீர்கள்.

இரண்டாவது பயம், "திரித்துவிட்டால்?" என்பது. மாற்றியதை வெளியிடாதே என்ற உரிமத்தைப் போட்டால் திரிப்பவன் மாத்திரம் நிற்கமாட்டான். கன்னடத்தில் மொழிபெயர்க்கிற தோழரும் நிற்க வேண்டும். நம் கட்டுரையை வில்லுப்பாட்டாக்குகிறவர், நீண்ட நாடகத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சுருக்குகிறவர், 10 வருஷம் கழித்துப் பழைய கணக்கைத் திருத்திப் புதுக் கணக்குப் போடுகிறவர், எல்லோரும் நிற்க வேண்டும். இது எதைப் போலிருக்கிறது? ஓர் எழுத்தையும் மாற்றாதே, அப்படியே ஒப்புவி என்று வேதத்துக்குச் சொன்னதைப் போலிருக்கிறது! நம் எழுத்து வேதமல்ல. நாளைக்குப் புத்தியுள்ளவன் வந்து திருத்தத்தான் வேண்டும். அப்படியானால் அயோக்கியன் திரித்தால் என்ன செய்வது என்றால், அதற்கும் வழியிருக்கிறது. உரிமப்படி, மாற்றியவன் மாற்றியிருக்கிறேன் என்று சொல்லியாக வேண்டும். நம் பெயரை எடுத்துவிடு என்று நாம் கேட்டால் கூடியவரையில் எடுத்துவிட வேண்டும். அன்றியும், இந்தியச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, எழுதியவரின் மதிப்புக்குக் கேடு வரும்படி சிதைத்தால் எதிர்த்துக் கேட்கிற உரிமையைத் தனியாகவே வைத்திருக்கிறது. இவ்வளவுக்கும் மேல், அசல் நம்மிடம் பகிரங்கமாக இருக்கிறது. அசல் ஊரெங்கும் கிடைக்கிறபோது போலியின் சாயம் சீக்கிரம் வெளுத்துவிடும். அசலைப் பூட்டி வைத்தால்தான் போலிக்குக் கொண்டாட்டம்.

மூன்றாவது பயம், "நாம் தாராளமாகக் கொடுத்ததை ஒரு பெரிய கம்பெனிக்காரன் எடுத்து, நான்கு வரி மாற்றி, தன் பூட்டைப் போட்டுக்கொண்டால்?" என்பது. இந்தப் பயம் நியாயமானது. இதற்குத்தான் இரண்டாவது நிபந்தனை இருக்கிறது. பொதுக் கிணற்றில் யார் வேண்டுமானாலும் இறைக்கலாம், இறைத்த தண்ணீரில் மோர் கரைத்து விற்கவும் விற்கலாம், ஆனால் கிணற்றைச் சுற்றி வேலி போடக் கூடாது என்பதுதான் இதன் தத்துவம். கிணற்றில் வேலி போட்டவர்களை நமக்கு நன்றாகத் தெரியும். எழுத்தோ எடுக்க எடுக்கக் குறையாத கிணறு. ஆகவே அதற்கு வேலி போடுவது தண்ணீர்க் கிணற்றுக்குப் போடுவதைவிட அக்கிரமம். நம் பாட்டை மாற்றிப் புதுப் பாட்டுச் செய்தால், அந்தப் புதுப் பாட்டும் எல்லோருக்கும் பொது. ஒரு பத்திரிகை நம் பாட்டை அப்படியே ஒரு பக்கத்தில் போட்டால், அந்தப் பத்திரிகை முழுவதும் பொதுவாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், ஆகாது.

நான்காவதாக, வயிற்றுப் பிரச்சினை. "எழுதிப் பிழைக்கிறவன் என்ன செய்வான்?" என்று ஒரு தாய்மார் இங்கு வரும்போதே கேட்டார். சரியான கேள்வி. எழுத்தாளனைப் பட்டினி கிடக்கச் சொல்லுவதற்கு நமக்கு உரிமை கிடையாது. இனாமாகச் செய், புண்ணியம் கிடைக்கும் என்று உழைப்பாளியை ஏய்த்ததெல்லாம் புரோகிதன் வேலை. கூலி வேண்டியவன் கூலி கேட்கட்டும். ஆனால் பொது உரிமம் கொடுத்தவன் விற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கோரி டாக்டரோ என்கிற எழுத்தாளர் தம் முதல் நாவலை 2003ல் கடையில் விலைக்கு விற்ற அன்றே பொது உரிமத்திலும் வெளியிட்டார். முதலில் வியாபாரமும் கூடாது, மாற்றவும் கூடாது என்ற கண்டிப்பான உரிமத்தில் விட்டவர், ஒரு வருஷம் பார்த்துவிட்டு 2004ல் மாற்றவும் அனுமதித்தார். நீனா பேலி என்கிற அமெரிக்கப் பெண்மணி இராமாயணத்தைச் சீதையின் பக்கத்திலிருந்து பார்த்து 2008ல் ஒரு கார்ட்டூன் சினிமா எடுத்தார். அதில் 1920களின் பழைய இசைத்தட்டுப் பாட்டுகளைச் சேர்த்ததற்காக, பாட்டின் உரிமைக்காரர்களுக்கு 50,000 டாலர் அளவில் அழ வேண்டியதாயிற்று. பூட்டின் வலி தெரிந்த அந்த அம்மாள், தம் படத்தை 2009ல் பெயர் சொல்லி அதேபோல் பகிர்கிற உரிமத்தில் விட்டார். 2013ல் அந்த நிபந்தனையையும் நீக்கிவிட்டார். படம் இலவசமாகக் கிடைக்கும்போதே அதன் தட்டுகளை விற்றும், நன்கொடை பெற்றும் பணம் கிடைத்தது.

நம் புத்தகத்துக்கும் அப்படியே. அச்சிட்ட பிரதியை நாம் விற்கலாம். சினிமாக்காரர் ஒருவர் நம் பாட்டைப் படத்தில் வைக்க ஆசைப்பட்டால், இந்த உரிமப்படி தம் படத்தையும் பொதுவாக்கியாக வேண்டும். அது பிடிக்காவிட்டால் நம்மிடம் வந்து தனி அனுமதி கேட்டுப் பணம் கொடுக்கட்டும். பொது உரிமம் கொடுத்தவனுக்குத் தனி அனுமதி கொடுக்கிற அதிகாரம் போய்விடுவதில்லை. ஆக, ஏழைத் தோழனுக்கு இனாம், பணக்காரனுக்கு விலை. இதைவிட நியாயம் வேறென்ன வேண்டும்? இவ்வளவுக்குப் பிறகும், எழுத்து ஒன்றாலேயே சோறு தின்கிற தோழர் தம் நாவலை மாத்திரம் பூட்டி வைத்துக்கொள்ளுகிறேன் என்றால், நான் குற்றம் சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் பொதுவாக்கிய டால்ஸ்டாய்கூட, தேசத்தைவிட்டுக் கனடாவுக்குப் போக வேண்டியிருந்த ஒரு கூட்டத்தாருக்கு உதவுவதற்காக 1899ல் "புத்துயிர்" நாவலை மட்டும் விலைக்குக் கொடுத்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியே யோசிக்கலாம். ஆனால் பிரசாரத்துக்கென்று எழுதியதைப் பூட்டுவதற்கு நியாயமே கிடையாது.

இனி, போடுவதற்கு முன் கவனிக்க வேண்டிய சில எச்சரிக்கைகள்.

முதலாவது, நம்முடையதல்லாததை நாம் தானம் செய்ய முடியாது. உங்கள் பாட்டுகளில் பல, சினிமா மெட்டில் இருக்கின்றன. வார்த்தை உங்களுடையது, மெட்டு இன்னொருவருடையது. வார்த்தைக்கு மாத்திரந்தான் நீங்கள் உரிமம் கொடுக்கலாம். அதைப் புத்தகத்தில் தெளிவாக எழுதுங்கள். இன்னும் நல்லது, நாட்டுப்புற மெட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தெம்மாங்குக்கும் கும்மிக்கும் எந்தக் கம்பெனியும் பட்டா வாங்கவில்லை.

இரண்டாவது, படங்கள். படம் பிடித்தவர் சம்மதித்தால் மாத்திரம் போதாது, படத்திலிருக்கிறவரையும் கேளுங்கள். 2007ல் ஆஸ்திரேலியாவில் ஒரு தொலைபேசிக் கம்பெனி, பொது உரிமத்தில் கிடைத்த ஒரு சிறு பெண்ணின் படத்தை எடுத்துக் கேலியாக விளம்பரம் செய்துவிட்டது. படம் பிடித்தவர் அனுமதி கொடுத்திருந்தார். அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. அவள் குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். கோர்ட்டு, தனக்கு அதை விசாரிக்க அதிகாரமில்லை என்று தள்ளிவிட்டது. பதிப்புரிமை வேறு, ஒரு மனிதனுடைய முகத்துக்குள்ள மரியாதை வேறு. நம் தாய்மார்களுடைய படங்களைப் பொதுவில் விடுவதற்கு முன் அவர்களிடமே கேளுங்கள்; அவர்கள் வீட்டு ஆண்களிடமல்ல.

மூன்றாவது, பலர் சேர்ந்து எழுதிய நாடகத்துக்குப் பலரும் சம்மதிக்க வேண்டும். செயலாளர் ஒருவர் கையெழுத்து எல்லோரையும் கட்டாது. ஒருவர் மறுத்தால் அவரைத் திட்டாதீர்கள். அவர் எழுதிய பகுதியைத் தனியாகக் குறித்து விலக்குங்கள்.

நான்காவது, கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது. நாளைக்கு மனம் மாறி நீங்கள் வேறு உரிமத்தில் வெளியிடலாம். ஆனால் ஏற்கெனவே எடுத்துக்கொண்டவனுடைய உரிமை போகாது. இறுக்கமாக ஆரம்பித்துப் பிறகு தளர்த்தலாம்; தளர்த்தியதை இறுக்க முடியாது. ஆகையால் சம்மதம் கேட்கும்போதே இதை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாவது, "யாரும் உபயோகிக்கலாம்" என்று வெறுமனே நம் பாஷையில் எழுதினால் போதாதா என்று கேட்பீர்கள். எண்ணம் நல்லது, சட்டத்துக்கு முன் நொண்டும். நம் நாட்டுச் சட்டத்தில், அனுமதிக்குக் காலம் சொல்லாவிட்டால் 5 வருஷமென்றும், இடம் சொல்லாவிட்டால் இந்தியா மாத்திரமென்றும் கொள்ள இடமிருக்கிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் உள்ள தமிழன் நம் நாடகத்தைப் போட வேண்டாமா? பொது உரிமத்தில், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமை உள்ள காலம் முழுவதற்கும் என்று எழுதியே இருக்கிறது. கோர்ட்டுகளும் இதை வெற்றுக் காகிதமாக நினைப்பதில்லை. 2006ல் ஆம்ஸ்டர்டாம் கோர்ட்டு, பொது உரிமத்தின் நிபந்தனையை மீறிப் படங்களை எடுத்துப் போட்ட ஒரு வாரப் பத்திரிகையை, அந்த உரிமம் உன்னைக் கட்டும் என்று சொல்லிக் கண்டித்தது. மீறியவனுக்கு உரிமம் தானாகவே ரத்தாகிவிடும். ஆனாலும், தப்பு தெரிந்த 30 நாளைக்குள் திருத்திக்கொண்டால் உரிமை திரும்பவும் வந்துவிடும் என்று 4.0 பதிப்பில் இருக்கிறது. தெரியாமல் செய்தவனுக்கு இது நல்ல ஏற்பாடு.

தோழர்களே! ஆகவே என் அபிப்பிராயம் இதுதான். "எல்லா உரிமையும் ஆசிரியர்களுக்கே" என்பதும் வேண்டாம். ஒன்றும் போடாமல் விடுவதும் வேண்டாம். "இப்புத்தகத்தின் எழுத்துக்கள் கிரியேட்டிவ் காமன்ஸ், பெயர் குறிப்பிடுதல், அதேபோல் பகிர்தல், 4.0 சர்வதேச உரிமத்தின்படி வெளியிடப்படுகின்றன" என்று போட்டு, அந்த உரிமம் கிடைக்குமிடத்தையும் அச்சிடுங்கள். அதன்கீழ், சாதாரண ஜனங்களுக்கு விளங்கும்படி, "இதை அச்சிடலாம், பாடலாம், நடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம்; எழுதியவர் பெயரைச் சொல்லுங்கள்; மாற்றினால் மாற்றியதைச் சொல்லுங்கள்; நீங்கள் செய்ததையும் இதேபோல் பிறருக்குக் கொடுங்கள்" என்று நான்கு வரி எழுதுங்கள். மெட்டுக்கும், விலக்கிய பகுதிக்கும், படங்களுக்கும் தனியே குறிப்பு எழுதுங்கள்.

பெயர் சொல்ல வேண்டும் என்பதை நான் ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், பெருமைக்காக அல்ல. நம் மக்கள் கட்டிய கோயிலுக்கும், வெட்டிய குளத்துக்கும், பாடிய பாட்டுக்கும் அவர்கள் பெயர் இல்லாமல் போயிற்று. நாற்று நட்டுக்கொண்டே பாட்டுக் கட்டிய பெண்பிள்ளையின் பெயர் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? பாட்டு பொதுவாக இருக்கட்டும். பாடியவள் பெயர் மறையாமல் இருக்கட்டும். இந்தப் புத்தகத்தில் நாடகம் எழுதியிருக்கிற தையற்காரத் தோழரின் பெயரும், பாட்டு எழுதியிருக்கிற பீடி சுற்றும் தாய்மாரின் பெயரும், அவர்கள் காணாத ஊரில், அவர்கள் அறியாத பாஷையில் சொல்லப்படட்டும்.

உங்களில் மாறுபட்ட அபிப்பிராயமுள்ளவர்கள் இப்போதே எழுந்து சொல்லலாம். எழுதிய தோழர்கள் ஒவ்வொருவரும் தாமே யோசித்து, தம் சம்மதத்தையோ மறுப்பையோ தம் கையாலேயே எழுதிக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.